ஓட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி?

வவுனியா பஜாரில் கடை வைத்திருக்கும் எவருக்கும் வருடத்துக்கு நாலைந்து கடிதங்கள் வரும். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, கழக விழா, புதுவருட மரதன் ஓட்டம். "தங்கள் நிறுவனத்தின் அனுசரணையை எதிர்பார்க்கிறோம்" என்று முடியும். நாமும் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, பெனரில் கடையின் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லி அனுப்பிவிடுவோம். அந்தக் காசு ஓடுகிற பிள்ளைக்கு என்ன செய்தது என்று நான் நெடுநாளாகக் கேட்டதேயில்லை.

2015இல் நெடுங்கேணிப் பக்கத்துப் பையன் ஒருவன் என் கடைக்கு வேலை கேட்டு வந்தான். உயர்தரம் எழுதியிருந்தான். 5,000 மீற்றரில் மாகாண மட்டம் வரை போனவன். "ஓடிக்கொண்டே வேலை செய்வேன் நானா" என்றான். எனக்குச் சந்தோஷம். ஒரு சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன், களஞ்சியத்தில் வேலையும் கொடுத்தேன். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, மற்றப் பையன்களைப் போலவே. பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வருடத்தில் அவன் ஓட்டத்தை விட்டுவிட்டான். பிறகு கட்டாருக்குப் போனான். சோம்பேறித்தனம் என்று அப்போது சொன்னேன். கணக்கைப் பிழையாகப் போட்டது நான்தான் என்று பின்னர்தான் விளங்கியது.

கணக்கு இதுதான். தேசிய மட்டத்தில் 10,000 மீற்றரோ மரதனோ ஓட நினைப்பவன் கிழமைக்கு 150 கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் தூரத்தை விட அது கூட. ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி 500 முதல் 800 கிலோமீற்றர் வரைதான் தாங்கும். அப்படியானால் மாதத்துக்கு ஒரு சோடி. நான் கொடுத்த ஒரு சோடி ஐந்தாம் கிழமை முடிந்துவிட்டது. அவன் வெட்கத்தில் சொல்லவில்லை, நான் பார்க்கவுமில்லை.

சப்பாத்தை விடப் பெரியது நேரம். வன்னி வெயிலில் விடியற்காலை நாலரைக்கு ஓடி முடித்தால்தான் உண்டு. பின்னேரம் மறுபடியும் ஓட்டம். இடையில் சாப்பாடும் பகல் தூக்கமும் வேண்டும். தூங்குவதும் அவனுக்குப் பயிற்சிதான். பன்னிரண்டு மணித்தியாலம் மா மூட்டை தூக்குகிறவனுக்கு அது எங்கே கிடைக்கும்? நான் அவனுக்கு உதவவில்லை, அவனுடைய நேரத்தை மலிவாக வாங்கினேன்.

இன்னொன்று, மரதன் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் இருபதுகளின் கடைசியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும்தான் உச்சத்துக்கு வருகிறார்கள். பத்தொன்பது வயதில் பாடசாலையை விட்டு வெளியேறுகிறவனுக்கு வருமானமில்லாத பத்து வருடங்கள் முன்னால் கிடக்கின்றன. தென்னங்கன்று வைக்கிறவனுக்கு இது புரியும். நாளைக்கே காசு திரும்ப வேண்டும் என்கிறவன் இந்தப் பக்கம் வரக்கூடாது.

அந்தப் பத்து வருடத்துக்கு யார் சோறு போடுவது? எங்கள் நாட்டில் பெரும்பாலும் தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் பொலிஸும். தேசிய மட்ட நெடுந்தூர வீரர்களில் அதிகமானோர் இவற்றின் கழகங்களுக்கே ஓடுகிறார்கள். மாதச் சம்பளம், பயிற்சியாளர், வைத்தியம், ஓய்வூதியம் எல்லாம் அங்கே உண்டு. கென்யாவிலும் இந்தியாவிலும் இதே வழிதான். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பாருங்கள். அந்த மண்ணின் லட்சுமணன் இந்திய இராணுவத்தில் வேலை பார்த்தபடி 2017ஆம் ஆண்டு ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் எடுத்தார். அதே மாவட்டத்துச் சாந்தி, 2006 டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வென்ற வெள்ளி பறிக்கப்பட்டபின், 2012இல் செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார். நிரந்தரப் பயிற்சியாளர் வேலை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆனால் வன்னியில், 2009 வரை யுத்தம் நடந்த மண்ணில், ஒரு தாயிடம் போய் "மகனைப் படையில் சேருங்கள், நன்றாக ஓடுவான்" என்று சொல்வது இலேசல்ல. சொல்கிறவனுக்கும் இலேசல்ல. சேர்கிறவனைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வேறொரு கதவும் இருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறேன். திறமை இங்கே இல்லாமலில்லை. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்தவர்.

அந்த வேறு கதவை அமெரிக்காவில் திறந்தவர்கள் நம்மைப் போன்ற கடைக்காரர்கள்தான். மிச்சிகன் மாநிலத்தில் கீத் ஹான்சன், கெவின் ஹான்சன் என்று இரண்டு சகோதரர்கள் ஓட்டச் சப்பாத்துக் கடைகள் நடத்துகிறார்கள். 1999இல் அவர்கள் ஓட்டக்காரர்களுக்கென ஒரு குழு தொடங்கினார்கள். தங்க வீடு கொடுத்தார்கள், தம் கடையிலேயே பகுதிநேர வேலை கொடுத்தார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். ஓட்டக்காரனே சப்பாத்து விற்றால் வாங்க வருகிறவன் அவன் பேச்சை நம்புவான். கடைக்கும் இலாபம். அக்குழுவில் வளர்ந்த டெஸி லிண்டன் 2018இல் பொஸ்டன் மரதனில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார்.

அதே நாள் ஆண்கள் பிரிவில் வென்றவர் ஜப்பானின் யூகி கவாவுச்சி. உயர்தரப் பாடசாலையொன்றின் அலுவலகத்தில் முழுநேர எழுதுவினைஞர்! பரிசு 150,000 டொலர். அடுத்த வருடம்தான் வேலையை விட்டு ஓட்டத்தையே தொழிலாக்கினார். ஜப்பானில் பெரிய கம்பனிகளே ஓட்டக்காரர்களை ஊழியர்களாக எடுத்து அணி நடத்துவது வழமை. இவர் அதற்கும் வெளியே நின்று வென்றவர்.

இதை நம் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். முதலில் காசின் பெயரைத் தெளிவாக்க வேண்டும். ஸதகா என்றால் ஸதகா, அதற்குப் பெனரும் வேண்டாம், படமும் வேண்டாம். கடன் என்றால் தவணை எழுத வேண்டும். அனுசரணை என்றால் அது வியாபாரம். எத்தனை மாதம், மாதம் எத்தனை ரூபா, அவன் நமக்கு என்ன செய்வான், கால் உபாதை வந்து ஆறு மாதம் படுத்தால் கொடுப்பனவு நிற்குமா நிற்காதா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். காயத்தைப் பற்றிய அந்த வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். நெடுந்தூர ஓட்டத்தில் காயம் வராமல் போவதில்லை.

பரிசுக் காசில் பங்கு கேட்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்பும் முகவர்கள் வழமையாக 15 வீதம் எடுப்பார்கள், அது அவர்கள் வேலைக்கான கூலி. கடைக்காரன் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரிய போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனை முடிவு வந்த பிறகே பரிசு கைக்கு வரும், மாதக்கணக்காகும். அதை நம்பி அவனுக்கு முற்பணம் கொடுக்கவும் வேண்டாம். அன்பளிப்பாகச் சத்து மாப் பேணிகளும் கொடுத்துவிடாதீர்கள். அதில் தடைசெய்த பொருள் ஏதும் கலந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லி அவன் தப்ப முடியாது. நாலு வருடம் வரை தடை வரும்.

போன மாதம் ஓமந்தைப் பக்கமிருந்து இன்னொரு பையன் தகப்பனோடு வந்தான். வேலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை, கணக்கும் பில் போடுவதும் மட்டும், மூட்டை தூக்க விடமாட்டேன், மாதம் ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு வருடத்துக்கு எழுத்தில் என்று சொன்னேன். பையன் தலையாட்டினான். தகப்பன் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"படையிலெண்டால் பென்சன் இருக்கு முதலாளி. நீங்கள் ஈ.பி.எஃப். கட்டுவீங்களோ?"

அவனிடமிருந்து 8 வீதம், என் பங்கு 12, ஈ.ரி.எஃப். 3. அரை நாள் வேலைக்கும் கட்டத்தான் வேண்டும். கட்டுவேன் என்றேன். முடிவை யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.