வயல் ஜீப்புக்கு எந்த ஸ்பிரிங்?

பழைய ஜீப்போ ஜிப்சியோ வாங்கி, பின்னால் தட்டு கட்டி, தோட்ட வேலைக்கு மாற்றிக்கொள்ள நினைக்கும் இளம் நண்பர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். டிராக்டர் கட்டுப்படியாகாத மூன்று, நான்கு ஏக்கர்க்காரருக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டறைக்குப் போனதும், "நாலு இஞ்ச் தூக்கிடலாம் சார், பார்க்க கெத்தா இருக்கும்" என்பார்கள். தலையாட்டுவதற்கு முன், வண்டி எதைச் சுமக்கப்போகிறது, எந்தத் தரையில் ஓடப்போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைச்சாவடிப் பக்கம் கடலோர மணலும் உப்புக்காற்றும். பாகூர், வில்லியனூர் பக்கம் நெல் வயல், களிமண், ஐப்பசி கார்த்திகையில் சேறு. இரண்டுக்கும் ஒரே வண்டி பொருந்தும், ஒரே அமைப்பு பொருந்தாது.

முதல் ஸ்பிரிங் டயருக்குள் இருக்கும் காற்று. மாட்டு வண்டியில் இரும்புப் பட்டம் போய் காற்று டயர் வந்ததும் மாட்டின் பாடு எவ்வளவு குறைந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி பல ஆண்டுகள் மாட்டு வண்டியைச் சீர்திருத்தவே உழைத்தார். மேலாண்மை படித்தவர் மாட்டு வண்டிக்குள் இறங்கியதைச் சிலர் வேடிக்கையாகப் பார்த்திருக்கலாம். எனக்கு அது பெரிய வேலையாகவே தெரிகிறது.

டயர் மண்ணை அமுக்கும் அழுத்தம், ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றழுத்தம்தான். 30 பவுண்டு காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ. மணலில் காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படியும், புதையாது. தார்ச்சாலை ஏறியதும் திரும்ப நிரப்பிவிட வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கெடும். ஈர வயலுக்குள் மட்டும் எந்த ஸ்பிரிங் போட்ட வண்டியையும் இறக்காதீர்கள். மண்புழு வருஷக்கணக்கில் போட்ட துளைகள் ஒரே நாளில் மூடிவிடும். வரப்படியிலும் வண்டித்தடத்திலும் நின்றுகொள்ளட்டும்.

அடுத்தது லீஃபா, சுருளா என்ற கேள்வி. பழைய ஜீப்பிலும் 1985-இல் வந்த ஜிப்சியிலும் நான்கு பக்கமும் லீஃப் பட்டைதான். 2010-இல் வந்த தாரில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை. 2020 தாரில் நாலுமே சுருள். 2023-இல் இங்கே வந்த ஜிம்னியிலும் சுருள்தான், ஆனால் முன்னும் பின்னும் நேர் ஆக்சில். சுருள் மென்மையாகப் போகும். ஆனால் அது எடையைத் தாங்குமே தவிர ஆக்சிலைப் பிடித்து வைக்காது, அதற்குத் தனியாகக் கைகள் வேண்டும். பட்டை இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறது. உடைந்தாலும் ஒரு பிளேட்டை மட்டும் மாற்றி அன்று மாலையே வீடு திரும்பலாம். சுமை வண்டிக்குப் பின்பக்கம் பட்டையே போதும் என்பது என் தீர்ப்பு. பட்டை வண்டியில் சுருள் ஏற்றுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கலாம்.

முன்பக்கம் நேர் ஆக்சில் இருந்தால் அதை மாற்ற வேண்டாம். ஒரு சக்கரம் வரப்பில் ஏறும்போது அது மறு சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். சக்கரத்தோடு நடு உருண்டையும் சேர்ந்து உயர்வதால் கல்லில் இடிப்பதும் குறைவு. தனித்தனியாக ஆடும் முன்சக்கரம் தார்ச்சாலையில் சுகம்தான், ஆனால் பாரம் ஏறி உடம்பு தாழ்ந்தால் அடிவயிறும் கூடவே தாழும்.

எத்தனை பட்டை என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸ் வரை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பத்து 50 கிலோ மூட்டைகளைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே ஏற்றி மறுபடி அளங்கள். 5 சென்டிமீட்டர் இறங்கினால், பக்கத்துக்கு 250 கிலோவுக்கு 50 மில்லிமீட்டர், அதாவது மில்லிமீட்டருக்கு 5 கிலோ. இதுதான் உங்கள் ஸ்பிரிங்கின் பலம்.

இனி துள்ளல் கணக்கு. ஸ்பிரிங் மொத்தமாக எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 300-ஐ வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை துள்ளல் என்று வரும். வெறும் வண்டியில் ஒரு பக்க ஸ்பிரிங்மேல் 200 கிலோ இருந்தால் 4 சென்டிமீட்டர் அமுக்கம், 150 துள்ளல். மூட்டை ஏற்றி 450 கிலோ ஆனால் 9 சென்டிமீட்டர், 100 துள்ளல். அதே வண்டிக்குப் பலத்தை 8 கிலோவாக ஏற்றினால் வெறும் வண்டி 190, பாரத்தோடு 127. எண் ஏற ஏற உங்கள் இடுப்பும் கூடையின் அடியில் இருக்கும் தக்காளியும் வாங்கும் அடி கூடும். வாரத்தில் ஆறு நாள் வெறும் வண்டியாக ஓட்டுபவர், ஒருநாள் சுமைக்காக எல்லா நாளும் அடி வாங்குவானேன்? அவருக்கு ஏற்றது ஹெல்பர் பட்டை. பாரம் ஏறி வண்டி தாழும்போதுதான் அது வேலைக்கு வரும்.

பட்டறையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐந்து பட்டையோடு அதே தடிமனில் ஆறாவது சேர்த்தால் பலம் சுமார் 20 சதவீதம் கூடும். ஆனால் 6 மில்லிமீட்டர் பட்டைகளை எடுத்துவிட்டு 7 மில்லிமீட்டர் போட்டால் ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் தடிமன் மும்மடிப் பெருக்கத்தில் வேலை செய்கிறது. "ஒரு எம்.எம். தானே சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டையைக் கூட்டினாலும் ஆக்சிலும் பிரேக்கும் பழையவைதான், ஆகவே ஏற்றும் எடையைக் கூட்ட உரிமை கிடையாது.

தூக்குவதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1200 கிலோ வண்டியின் எடை மையம் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் அமுதக்கரைசல் டிரம்மை நிமிர்த்தி வைத்தால் அதன் மையம் 120 சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து மையம் 73-க்கு ஏறிவிடும். நாலு இஞ்ச் தூக்கினால் 83. சக்கர இடைவெளி 130 என்றால், சாய்ந்து கவிழும் கோணம் 42 டிகிரியிலிருந்து 38-க்கு இறங்கும். இது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு. ஓடும்போது மென்மையான ஸ்பிரிங் ஒருபக்கம் அமுங்கும், பாதி காலியான டிரம்மில் கரைசல் அதே பக்கம் பாயும், இருக்கும் இடமும் போய்விடும். வாய்க்கால் ஓரத்தில் கவிழ்ந்தால் அடியில் மாட்டுவது ஓட்டுபவர். பெரிய டிரம்முக்குப் பதில் நாலைந்து சிறிய கேன்களில் முழுக்க நிரப்பி, தாழ்வாக வைத்துக் கட்டுங்கள்.

ஷாக் அப்சார்பரையும் மறக்க வேண்டாம். ஸ்பிரிங் வாங்கிய அதிர்ச்சியைத் தின்று தீர்ப்பது அதுதான். வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் மாற்றுங்கள்.

வங்கியில் இருந்த பழக்கத்தால் ஒன்று: பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். கடன் பாக்கி இருந்தால் வங்கியையும், எப்படியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு மழைக்காலம் முடிந்ததும் பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும். பூட்டிய யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின், பாரம் ஏற்றி வைத்து மறுபடி முறுக்கிக்கொள்ளுங்கள். அவை தளர்ந்தால் சென்டர் போல்ட் ஒடியும், ஆக்சில் இடம் நகரும்.