மலையில் பிறந்து கடலில் சேரும் ஆறு: நடந்து கற்போம்

பண்டாரவளை, அப்புத்தளை என்று மலையூர்களுக்குப் போய் வருவோர் அருவியையும் முகட்டையும் பற்றிப் பேசுவர். கல்முனைக் கரையில் அவை இல்லை. ஆனால் மலைநாட்டின் கிழக்குச் சரிவில் விழும் மழைதான் நம் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. கல்லோயா என்றும் பட்டிப்பளை ஆறு என்றும் அழைக்கப்படும் ஆறு அதைக் கொண்டு வருகிறது. அந்த நீரின் வழியே நடப்பதுதான் இம்முறைப் பாடம்.

இடம்பெயர்ந்து கடற்கரையில் வாழும் நம் பிள்ளைகளில் பலர் வரம்பில் நடந்ததில்லை. காணிக்குத் திரும்பும் நாளில், எந்த வாய்க்காலால் தண்ணீர் வருகிறது என்று தெரியாதவர் வட்டவிதானையிடம் என்னத்தைக் கேட்பார்?

வாகன வசதி கிடைத்தால் இங்கினியாகலைக்குப் போவோம். அங்கே 1949இல் கட்டத் தொடங்கிய அணைக்கு அப்பால் சேனநாயக்க சமுத்திரம் விரிகிறது. நீருக்குள் தீவுகளாக நிற்பவை முன்பு குன்றுகள். சூழவுள்ள காடு 1954 முதல் தேசியப் பூங்கா. யானைக் காடு ஆகையால் மாலையாகுமுன் திரும்பிவிட வேண்டும்.

நடந்தே போகக்கூடியது கிட்டங்கிப் பக்கம். மாரிகாலத்தில் வெள்ளம் தாம்போதியை மூடிப் பாய்வதை ஊரார் அறிவர். அந்த நாட்களில் போக வேண்டாம். கோடையில் அதிகாலை போனால் கொக்கும் நீர்க்காகமும் பார்க்கலாம். அருகிலுள்ள கரைவாகு வட்டையின் தாழ்ந்த நிலத்தையும் காட்டுங்கள். மழைவெள்ளம் தங்கி வடியும் இடம் அது. அதை மண்ணிட்டு நிரப்பினால் வெள்ளம் வீடுகளுக்குள்தான் வரும். 'வெறும் சதுப்பு' என்று சொல்வோருக்கு இதை விளக்கத்தான் வேண்டும்.

கடைசி நடை கடற்கரைக்கு. அடம்பன் கொடியும் தாழையும் மணலை எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன என்று வேரோடு பாருங்கள்; பிடுங்க வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில் இக்கரை பட்டதை வளர்ந்தவர்கள் மறக்கவில்லை. ஒலுவிலில் இன்னொரு பாடம் உண்டு. இக்கரையோரமாக மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்புகள் அதை மறிக்க, தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரிபட்டது. தென்னந்தோட்டங்களும் கடலோடு போயின.

குழுவாகச் செய்ய ஒரு வேலை: கரையில் நிலையான ஒரு மரத்தைத் தெரிந்து, அதிலிருந்து அலை தொடும் இடம்வரை எத்தனை அடி என்று மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். மாரிக்கு முன்னும் பின்னும் உள்ள கணக்கைத் தனியே குறியுங்கள்.