ஓமந்தூர் உழவர்: ஒரு பாடம்

நம் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளத்தக்க வாழ்க்கை ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியாருடையது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டில் விவசாயக் குடும்பத்திலே பிறந்தார். காங்கிரஸில் சேர்ந்து தேசத் தொண்டு புரிந்து, அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்தார். 1947 மார்ச்சு மாதத்தில் சென்னை மாகாணப் பிரதமரானார். பாரதம் விடுதலை பெற்ற நாளில் அப்பதவியில் இருந்தவர் அவரே.

உழவனின் துயரை அவர் ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர். ஜமீன் நிலத்தில் பயிரிட்டவன், பக்கத்து ரயத்துவாரி நிலத்துத் தீர்வையைவிட மிகுதியாகக் குத்தகை செலுத்தி வந்தான். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அக்குத்தகையைக் குறைத்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டமோ ஜமீன் முறையையே ஒழித்தது. ஜமீன்தாருக்கு நஷ்டஈடு வழங்கப்பட்டது. குடியானவன் பட்டா பெற்று, இடைத்தரகரின்றிச் சர்க்காருக்கே நேராகத் தீர்வை செலுத்தலானான்.

ஆலயப் பிரவேசத்திலும் அவ்வாறே. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோயிலைத் திறந்துவிடுவது தர்மகர்த்தாக்களின் இசைவைப் பொறுத்திருந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை எல்லா இந்துக்களுக்கும் உரிய உரிமையாக்கிற்று. நம் திருவண்ணாமலைத் திருக்கோயிலுக்கும் அது பொருந்துவதாயிற்று. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது.

இத்தகையவர் ஏன் நெடுநாள் பதவியில் நீடிக்கவில்லை? சிபாரிசுக்கு அவர் செவிசாய்க்கவில்லை. நியமனமோ, உத்தரவோ, சலுகையோ வேண்டி வந்த சொந்தக் கட்சியினரும் வெறுங்கையுடன் திரும்பினர். அதிருப்தி வளர்ந்தது. 1949 ஏப்ரலில் அவர் பதவியினின்று விலகினார். பின்னர் வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டாற்றி, 1970-இல் மறைந்தார்.

நமக்கு இதிலுள்ள படிப்பினை யாது? நெசவாளர் சங்கத்தில் நூல் பங்கிடும்போதும், விவசாயச் சங்கத்தில் கடன் வழங்கும்போதும், ‘நம்மவர்’ என்னும் சொல் நம் காதில் விழத்தான் செய்கிறது. அதற்கு ஒருமுறை இணங்கினால், வரிசையில் காத்து நிற்கும் ஏழை அங்கத்தினனின் பங்கு குறைகிறது. இணங்க மறுத்தால் அடுத்த தேர்தலில் நம் இடம் போகலாம். ஓமந்தூரார் இவ்விரண்டில் எதனைத் தேர்ந்தார் என்பதை நிர்வாகிகள் நினைவிற்கொள்வாராக.

சிந்தனைக்கு:
1. ரயத்துவாரிப் பட்டாவினால் குடியானவன் பெற்ற நன்மை யாது?
2. 1939, 1947-ஆம் ஆண்டுகளின் ஆலயப் பிரவேசச் சட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாடு என்ன?
3. நம் சங்கத்தில் சிபாரிசுக்கு இடமளிக்கும் நடைமுறைகள் எவை? அவற்றை எவ்வாறு களையலாம்?