தன் தேவை அறிந்த ஊர்

நுழையும்முன்

ஊரை அமைத்தல் என்பது தெருக்களையும் வீடுகளையும் தாளில் வரைவதோடு முடிவதில்லை. ஊரில் விளைவது எது, ஊருக்குள் வருவது எது, ஊரைவிட்டு வெளியேறும் பணம் எவ்வளவு என்னும் கணக்கும் அதில் அடங்கும். நெசவு வட்டாரம் ஒன்றை முன்வைத்து அக்கணக்கை ஆராய்கிறது இப்பாடம்.

தறியும் கழனியும்

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டு நெசவால் பெயர்பெற்றது. சவ்வாது மலையில் தோன்றிச் செய்யாற்றில் கலக்கும் கமண்டல நாகநதி இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய சுற்றூர்களிலும் தறியோசை கேட்கும். ஆரணி அரிசிக்கும் நல்ல சந்தை உண்டு. ஆக, சோறும் துணியும் ஒருங்கே தரும் வட்டாரம் இது.

ஆயினும், பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. நூல் விலை ஏறினால் தறி ஓய்கிறது. நெய்தவர் கையில் தங்குவது பெரும்பாலும் கூலி மட்டுமே. (பட்டு நெய்பவர் இல்லத்தில் பட்டு உடுத்தும் நாள் அரிது என்பது தனிக்கதை.) உழைப்பு இங்கிருக்க, விலை வேறெங்கோ முடிவாகிறது.

குமரப்பாவின் பார்வை

இச்சிக்கலை முன்னரே எண்ணிப் பார்த்தவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. கணக்காய்வும் பொருளியலும் அயல்நாடுகளில் கற்ற அவர், காந்தியடிகளின் வழிநின்று, 1934இல் தொடங்கப்பெற்ற அனைத்திந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தினார். நிலைத்து நிற்கும் பொருளியல் குறித்த அவரது ஆங்கில நூல் 1945இல் வெளிவந்தது. இயற்கைச் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரியும் பெட்ரோலியமும் தேக்கி வைத்த நீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். ஆற்றுநீரும் வளரும் காட்டின் மரமும் ஓடும் நீர் போன்றவை. அளவறிந்து எடுத்தால் தொடர்ந்து கிடைக்கும். ஓர் ஊரின் வாழ்வு இரண்டாம் வகையை எந்த அளவு சார்ந்திருக்கிறதோ, அந்த அளவே அது நீடிக்கும் என்பது இப்பாகுபாட்டிலிருந்து பெறப்படும் கருத்து.

குத்தம்பாக்கம் காட்டிய வழி

இக்கருத்தை நடைமுறையில் சோதித்த ஊர், சென்னைக்கு மேற்கே உள்ள குத்தம்பாக்கம். வேதிப் பொறியாளரான இளங்கோ இரங்கசாமி, ஆய்வுப் பணியை விட்டு ஊர் திரும்பி, 1996இல் ஊராட்சித் தலைவரானார். ஊரார் மாதந்தோறும் வாங்கும் பொருள்கள் எவை, அவற்றுள் உள்ளூரிலோ அண்டையூரிலோ செய்யத்தக்கவை எவை என்று கணக்கெடுக்கப்பட்டது. எண்ணெய், பருப்பு, சோப்பு போன்ற அன்றாடப் பொருள்களுக்காகவே பெரும்பணம் வெளியேறுவது தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே ஊர் செய்ய இயலாது. அண்டை ஊர்கள் பல சேர்ந்து தமக்குள் பகிர்ந்து உற்பத்தி செய்யலாம் என்பது அவர் கண்ட முடிவு.

அங்கு அமைந்த சமத்துவபுரம் இன்னும் கருதத்தக்கது. இரட்டை வீடுகள் ஐம்பது. ஒவ்வொன்றிலும் ஒருபுறம் தலித் குடும்பம், மறுபுறம் பிற சாதிக் குடும்பம். நடுச்சுவர் இருவர்க்கும் பொது. மண்ணை அழுத்திச் செய்த கட்டிகள் அவ்வீடுகளில் பயன்பட்டன. சேரியும் ஊரும் பிரிந்தே இருக்குமாயின், சூரிய விளக்கும் மழைநீர்த் தொட்டியும் மட்டும் ஓர் ஊரை நல்லூர் ஆக்கிவிடா. ஊர்த் திட்டங்கள் பலவும் மறந்துவிடும் செய்தி இது.

கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை 2006இல் நிறுவி, மிகுதியான மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்றது.

நெசவூருக்கான திட்டம்

ஆரணிப் பகுதியில் தற்சார்பு ஊர் ஒன்றை அமைப்பதாயின், திட்டம் குழித்தறியிலிருந்து தொடங்க வேண்டும். நெசவாளர் காலை வைக்கும் குழியில் மழைக்காலத்தில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். எனவே மேட்டுநிலமும் சீரான வடிகாலும் முதல் தேவைகள். பாவு விரிக்க நீண்ட, நேரான தெரு வேண்டும். இருமருங்கும் நிழல்மரங்கள் வேண்டும். நகரத் திட்டங்களில் தெரு வண்டிகளுக்கு உரியது. இங்கோ அது தொழிற்கூடம்.

அடுத்தது நீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 50 சதுர மீட்டர் கூரையில் 900 மில்லிமீட்டர் பெய்தால் 45,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 36,000 லிட்டர் மிஞ்சும். ஐவர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் கொண்டால், ஆண்டுக்கு 9,125 லிட்டரே தேவை. மீதத்தைக் கிணற்றுக்கு ஊட்டலாம்.

பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் கலந்து கொதிக்கவைத்த நீரும், அதன்பின் சாயநீரும் ஆற்றில் சேராதவாறு பொதுச் சுத்திகரிப்புத் தொட்டி அமைப்பது இன்றியமையாதது. இதில் சிக்கனம் பார்த்தால் பின்னர்க் கழனியே விலை கொடுக்க நேரும்.

முசுக்கொட்டைச் செடியை வளர்த்துப் பட்டுப்புழு வளர்ப்பையும் நூற்பையும் அண்டை ஊர்கள் பகிர்ந்துகொண்டால், நூலில் ஒரு பகுதியேனும் இங்கேயே கிடைக்கும். புழு உண்டு எஞ்சிய தழை கால்நடைக்குத் தீனியாகும். புழுவின் கழிவு எருவாகும். சேலை வெளியூருக்கு விற்கப்படவே வேண்டும். பட்டை யாரும் உண்ண முடியாது. தற்சார்பு என்பது சந்தையை மூடுவதன்று. விலை சரிந்த மாதத்திலும் நெசவாளர் வீட்டில் அரிசியும் பருப்பும் இருக்குமாறு செய்வது.

கற்பவை கற்றபின்

உங்கள் தெருவில் பத்து வீடுகளில் ஒரு மாதத்திற்கு வாங்கப்படும் பொருள்களைப் பட்டியலிடுக. அவற்றுள் உங்கள் ஊரிலோ அண்டையூரிலோ செய்யத்தக்கவற்றைப் பிரித்து, அவற்றுக்காக வெளியேறும் தொகையைக் கணக்கிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.