சோளகத்துக்குக் குறுக்கே ஒரு மரவேலி

நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் 2011இல் மின்சாரம் தரத் தொடங்கியது. இன்று மூன்று அலகுகள், 900 மெகாவாட். வைகாசியில் சோளகக் காற்று எழுந்தால் நிலக்கரி முற்றத்துத் தூளும் சாம்பலும் கற்பிட்டி மணலோடு கலந்து தோட்டங்களுக்குள் வரும். தூசியைக் கிளம்பும் இடத்திலேயே அடக்குவது நிலையத்தின் கடமை. நீங்கள் மரம் நட்டதால் அது தீர்ந்துவிடாது. புகைபோக்கியின் வாயுக்களையும் மரவேலி மறிக்காது. நிலத்தை ஒட்டி வரும் தூசியில் ஒரு பங்கை வெங்காயப் பாத்திக்கும் வீட்டுக்கும் வராமல் பிடிக்கும், அவ்வளவுதான்.

தென்னந்தோட்டம் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். தென்னைக்குத் தலையில்தான் ஓலை. கீழே வெறும் அடிமரங்களுக்கிடையே காற்று தாராளமாகப் புகுந்து போகும். நமக்கு வேண்டியது அடி முதல் நுனி வரை இலை.

முதலில் திசை. சோளக நாளில் ஒரு கம்பில் துணியைக் கட்டிப் பாருங்கள். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும்; ஆகவே காணியின் அந்தப் பக்கத்தில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கயிறு பிடியுங்கள். வேலியின் நீளம் அதன் உயரத்தைப்போல் பத்து மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் காற்று இரு முனையாலும் சுற்றிக்கொண்டு வந்துவிடும். 8 மீற்றர் உயர்ந்த வேலி ஏறத்தாழ 80 மீற்றர் வரை காற்றைத் தணிக்கும்.

மூன்று வரிசை போதும். காற்று முகத்தில் நொச்சி, ஆடாதோடை, நடுவில் பூவரசு, வேம்பு, பின்னால் சவுக்கு. கடலுக்கு மிக அருகென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் தாழை. வரிசைகளுக்கிடையே இரண்டு மீற்றர் விட்டு, முன்வரிசை இடைவெளிக்கு நேரே பின்வரிசைக் கன்று வரும்படி நடுங்கள். சுவர்போல் அடைத்துவிடாதீர்கள்: மேலேறித் தாண்டும் காற்று வேலிக்குப் பின்னால் சுழன்று விழுந்து தூசியைப் பாத்தியிலேயே கொட்டும். பின்னால் நின்று பார்த்தால் வெளிச்சம் பாதியளவு தெரிய வேண்டும்; காற்று இலைகளுக்கூடாக வடிந்து வரும்போதுதான் தூசி இலையில் ஒட்டும். கிளிசரியா சீக்கிரம் வளரும், பசளைக்கும் நல்லது. ஆனால் வரட்சியில் இலையுதிர்க்கும், அதை மட்டும் நம்ப முடியாது.

நடுவது ஐப்பசி மழையோடு. குழியின் அடியில் தேங்காய் மட்டையைப் பரப்பி, மாட்டெருவும் மேல்மண்ணும் போட்டால் இந்த மணலிலும் ஈரம் நிற்கும். பூவரசுக்குக் கன்று தேட வேண்டியதில்லை, தடி வெட்டி ஊன்றினாலே தளிர்க்கும். முதல் வருடம் கன்றுகளைக் கிடுகால் மறையுங்கள். காற்றுக்கு மட்டுமல்ல, ஆட்டுக்கும் நம்மூர்க் கட்டாக்காலிக் கழுதைக்கும்தான். கழுதைக்கு எது வேலி, எது தீனி என்று யார் சொல்வது?

வெங்காயமும் மிளகாயும் மரத்தோடு தண்ணீருக்குப் போட்டியிட்டுத் தோற்கும். மூன்று மீற்றர் தள்ளிப் பாத்தி போடுங்கள். இடையில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, குறுக்கே வரும் வேர்களை வருடமொருமுறை அறுத்துவிடுங்கள்.

சோளகத்துக்கு முன் கிளை வெட்டாதீர்கள், வேலை மாரியில். அடிக்கிளையை அப்போதும் தொட வேண்டாம். தூசி படிந்த குழையை ஆட்டுக்குப் போடாமல் மழை கழுவும்வரை பொறுங்கள். ஒரு மரம் பட்டுப்போனால் அந்த மாரியிலேயே வேறு நடுங்கள்: ஓட்டையூடாகப் பாயும் காற்று வெளிக்காற்றையும்விட வேகமானது.