வாங்குவதா? காத்திருப்பதா?

கற்றல் நோக்கங்கள்
• அன்றாட வாழ்வின் சிக்கல் ஒன்றைத் தமிழில் முறைப்படுத்திச் சிந்தித்தல்.
• வினா வகைகளைப் பயன்பாட்டின் வழியாக அறிதல்.

நுழையும்முன்
‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது தமிழர் பழமொழி. ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் எடுக்கும் பெரிய பண முடிவு பெரும்பாலும் வீடு பற்றியதே. அம்முடிவை எவ்வாறு ஆராய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. இரு நகரங்கள்
சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. அது 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்குத் திரும்பியது. ஆயினும் சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் இங்குப் பலர்.

இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. ஆனால் மனை விலையில் அவை வெவ்வேறு உலகங்கள். திருப்பதியின் வடபுறம் சேஷாசல மலையும் காடும் அரணாக நிற்பதால் நகரம் அப்பக்கம் விரிய இயலாது. 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஈர்க்கின்றன. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டத் தலைநகராகவும் ஆயிற்று. இடம் குறைவு, நாடுவோர் மிகுதி. விலை ஏறுவதற்கு இவ்விரண்டும் போதும். மாம்பழத்திற்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர்பெற்ற சித்தூரில் அத்தகைய நெருக்கடி இல்லை.

2. விலை எப்போதும் ஏறுமா?
‘நிலத்தின் விலை ஒருநாளும் இறங்காது’ என்று பலரும் நம்புகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஜப்பானில் 1991ஆம் ஆண்டை ஒட்டி உச்சம் தொட்ட மனை விலை, பின்னர்ப் பல ஆண்டுகள் தொடர்ந்து சரிந்தது. அமெரிக்காவில் 2006க்குப் பின் வீட்டு விலை வீழ்ந்து, 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடிக்கு வழிவகுத்தது.

அருகிலேயே ஒரு சான்று உண்டு. ஆந்திரத்தின் புதிய தலைநகராக அமராவதி அறிவிக்கப்பட்டு 2015 அக்டோபர் 22 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அப்பகுதியில் நிலவிலை விரைந்து உயர்ந்தது. 2019 டிசம்பரில் மூன்று தலைநகரங்கள் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டதும் விலை சரிந்தது. 2024இல் அமராவதித் திட்டம் மீண்டும் உயிர்பெற்றதும் விலை மறுபடியும் ஏறியது. மண் மாறவில்லை, அதைப் பற்றிய எதிர்பார்ப்பே மாறியது. எனவே நாளைய விலையை உறுதியாகச் சொல்வோர் யாராயினும், அவர் கூற்றை ஐயத்துடனேயே கேட்டல் வேண்டும்.

3. ஒரு குடும்பத்தின் கணக்கு
சித்தூரில் வாடகைக்கு வாழ்ந்து, பணி மாற்றத்தால் திருப்பதிக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தந்தை, தாய், பாட்டி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் என நால்வர். மாத வாடகை 9,000 ரூபாய். சேமிப்பு 13 இலட்சம். 40 இலட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு விலைக்கு வந்தது.

“வாடகை கொடுப்பது தண்ணீரில் போட்ட பணம் அப்பா. நான் கண்ணை மூடுவதற்குள் சொந்த வீட்டில் ஒரு பொங்கல் வைக்க வேண்டும்” என்றார் பாட்டி.

“கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்கிறார்களே, அத்தை” என்றார் தாய்.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. தந்தை ஒரு தாளை எடுத்து மகளிடம் கொடுத்து, “நீயே கணக்குப் போடு, கண்ணு” என்றார்.

மகள் எழுதினாள்: வங்கிக் கடன் 30 இலட்சம், ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் ஆண்டில் செலுத்தும் 3,12,420 ரூபாயில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வட்டிக்கே போகும். அசலில் குறைவது அறுபதாயிரம் மட்டுமே. அதே ஆண்டின் வாடகையோ 1,08,000 ரூபாய்.

“பாட்டி, வாடகை திரும்பி வராது என்பது உண்மை. வட்டியும் திரும்பி வராதே!” என்றாள் மகள்.

அவள் மேலும் கணக்கிட்டாள். இரண்டு ஆண்டுகள் காத்திருந்தால் வட்டிக்கும் வாடகைக்கும் உள்ள வேறுபாட்டால் ஏறத்தாழ 2,84,000 ரூபாய் மிஞ்சும். விலை ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால் வீடு 44,10,000 ரூபாயாகும். கூடுதல் சுமை 4,10,000. 5 விழுக்காடு இறங்கினால் 36,10,000 ரூபாயாகும். விலையில் மட்டும் 3,90,000 குறையும். விலை மாறாமல் நின்றாலும் காத்திருப்பதே இலாபம்; விரைந்து ஏறினால் மட்டுமே இழப்பு. எது நிகழும் என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை.

தாள் வேறொன்றைச் சொன்னது. ஆந்திரத்தில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் முதலியவை சேர்ந்து விலையில் ஏறத்தாழ ஏழரை விழுக்காடு. 40 இலட்சத்திற்கு அது 3 இலட்சம். வங்கி தராத 10 இலட்சத்துடன் அதையும் சேர்த்தால் 13 இலட்சம். அதாவது, சாவியை வாங்கும் நாளில் சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடும். பாட்டியின் மருத்துவச் செலவுக்கும் மகளின் மேற்படிப்புக்கும் கையில் ஒன்றும் இராது.

4. தாள்களைப் படித்தல்
கணக்கு முடிந்தபின் ஆவணங்கள் வந்தன. பத்திரம் தெலுங்கில் இருந்தது. தமிழ் வழியில் பயின்ற தந்தைக்கு அது விளங்கவில்லை. பள்ளியில் தெலுங்கும் கற்ற மகளே வாசித்தாள். வில்லங்கச் சான்றில், அவ்வீடு ஒரு வங்கியில் அடமானமாக இருப்பது தெரிந்தது. கடன் தீர்ந்து, அடமானம் விடுவிக்கப்பட்டதாகப் பதிவு எதுவும் இல்லை.

“கடனைத் தீர்த்து விடுதலைப் பத்திரம் பதியட்டும். அதுவரை முன்பணம் கொடுப்பதில்லை” என்று தந்தை முடிவு செய்தார். தம் பணியிடம் திருப்பதியில் நிலைக்குமா என்பதையும் அதற்குள் அறிந்துகொள்ள எண்ணினார். ஓரிரு ஆண்டில் மீண்டும் மாற்றம் வந்து வீட்டை விற்க நேர்ந்தால், பதிவுக்குச் செலவிட்ட 3 இலட்சமும் வீணாகும் அல்லவா? பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பொங்கல் ஆண்டுதோறும் வரும்” என்றார்.

தெரிந்து தெளிவோம்
• 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பெரிய குடியிருப்புத் திட்டங்களை மாநில ஆணையத்தில் பதிவு செய்த பின்னரே விற்க இயலும். பதிவு செய்த ஒப்பந்தம் இன்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது.
• ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2020 மே மாதத்தில் 4 விழுக்காடாகக் குறைந்தது. 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடாக உயர்ந்தது. 2025இல் மீண்டும் இறங்கியது. மாறும் வட்டிக் கடனின் தவணையோ தவணைக் காலமோ அதனுடன் மாறும்.

5. வினாவை மாற்றுதல்
‘வாங்குவதா? காத்திருப்பதா?’ என்பது ஐய வினா. இதுவோ அதுவோ எனத் துணிய இயலாமல் கேட்பது. அதை எத்தனை முறை கேட்டாலும் விடை கிடைக்காது. ஏனெனில் அது எதிர்காலத்தைச் சார்ந்தது. அக்குடும்பமோ அதனைச் சிறு சிறு அறியா வினாக்களாகப் பிரித்துக்கொண்டது. தவணை எவ்வளவு? கையில் மிஞ்சுவது எவ்வளவு? எத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்வோம்? பத்திரம் தெளிவாக உள்ளதா? இவற்றுக்கு விடை தேடிப் பெற முடியும். விடை பெறத்தக்க வினாக்களாக ஐயத்தை மாற்றுவதே ஆராய்தலின் முதற்படி. சந்தையின் போக்கு எவர் கையிலும் இல்லை. தாங்கத்தக்க தவணை, தெளிவான பத்திரம், இடருக்கு உதவும் சேமிப்பு ஆகிய மூன்றும் நம் முயற்சிக்கு உட்பட்டவை. இவை கூடிவரும் நாளே ஒரு குடும்பத்திற்கு வீடு வாங்க ஏற்ற நாள்.

அருஞ்சொற்பொருள்
அசல் – வட்டி நீங்கிய கடன்தொகை
அடமானம் – கடனுக்கு ஈடாக வைக்கும் சொத்து
முத்திரைத் தீர்வை – பத்திரப் பதிவுக்கு அரசுக்குச் செலுத்தும் வரி
வில்லங்கச் சான்று – சொத்தின் மீது பதிவான கடன், உரிமை மாற்றம் முதலியவற்றைக் காட்டும் ஆவணம்

மதிப்பீடு
அ) பிரித்து எழுதுக: விலையேற்றம், மேற்படிப்பு, முன்பணம்.
ஆ) குறுவினா
1. திருப்பதியில் மனை விலை உயர்வதற்கான காரணங்கள் யாவை?
2. “வட்டியும் திரும்பி வராதே!” என மகள் கூறியது ஏன்?
இ) நெடுவினா
அமராவதி நிலவிலை பற்றிய செய்தியால் நீங்கள் அறிவது யாது? விளக்குக.
ஈ) இலக்கணம்
அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா ஆகிய ஆறனுக்கும் வீடு தொடர்பாக ஒவ்வோர் எடுத்துக்காட்டு தருக.

கற்பவை கற்றபின்
உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எடுத்த பெரிய முடிவு ஒன்றைக் கேட்டறிக. அம்முடிவுக்கு முன் அவர்கள் கேட்ட வினாக்களையும், கேட்கத் தவறிய வினாக்களையும் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.