மூன்று மாதம் பின்னால் எண்ணிப் பார்

மாட்டுப்பட்டி,
ஐப்பசி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ போனில் அழுததிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. குளியலறையில் சேர்ந்த முடியை வாரி, வெள்ளைத் துண்டில் வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, அதை உன் பெரியப்பாவிடம்கூடக் காட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் இழுத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு முடியாகப் பார்த்தேன். பெரும்பாலான முடிகளின் ஒரு நுனியில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, வெள்ளையாக ஒரு உருண்டை தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. போனில் சொன்னால் பாதி கேட்பாய், மீதிக்கு அழுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி.

'வேரோடு பிடுங்கிக்கொண்டு வருது பெரியம்மா' என்றாய். அது வேர் இல்லை, தங்கம். வேர்க்குழி தலைத்தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அந்த வெள்ளை முனை, தன் காலம் முடிந்து தானாகக் கழன்ற முடியின் அடையாளம். முடி இரண்டு வருஷத்திலிருந்து ஆறு வருஷம்வரை வளரும். பிறகு வளர்ச்சியை நிறுத்தி ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா இருக்கும். அப்புறம் உதிரும், அதே குழியில் புதுசு கிளம்பும். தலையில் இருக்கும் ஒரு லட்சம் முடியில் நாளைக்கு 50 முதல் 100 வரை இப்படிப் போவது எல்லோருக்கும் உள்ளதுதான். உடம்புக்குப் பெரிய அடி ஒன்று விழுந்தால் கணக்கு மாறிவிடும். வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும்பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அடி விழுந்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, நாம் அந்த அடியையே மறந்திருக்கும்போது, எல்லாம் சேர்ந்து கொட்டும்.

இப்போது விரல்விட்டு எண்ணு. ஐப்பசி, புரட்டாசி, ஆவணி, ஆடி. ஆடி பிறந்ததும் உனக்கு என்ன வந்தது? டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல், தட்டணு இறங்கி, டிரிப்ஸ் ஏற்றி, ஹாஸ்டலுக்குத் திரும்பியும் பத்து நாள் கஞ்சிதான் குடித்தாய். இன்றைக்குத் துண்டில் கிடக்கும் முடி ஆடி மாசத்தில் கணக்கு முடித்த முடி. நீ போன வாரம் மாற்றிய ஷாம்புவும் காரணமில்லை, கோயம்புத்தூர்த் தண்ணீரும் காரணமில்லை.

உன் அம்மாவுக்கும் இதுதான் நடந்தது. நீ பிறந்து மூன்றாம் மாதம் அவளுக்குக் கொத்துக் கொத்தாகப் போனது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் கிழவிகள் சொல்வார்கள். காரணம் சிரிப்பில் இல்லை. கர்ப்பத்தில் ஹார்மோன் தாங்கிப் பிடித்திருந்த முடியெல்லாம் பிரசவத்துக்குப் பின் ஓய்வுக்குப் போய், மூன்றாம் மாதம் உதிரும். பிள்ளை சிரிப்பதும் அதே சமயம்தான். கிழவிகள் நாளைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு உனக்கு ஒரு வயசு ஆவதற்குள் நெற்றி ஓரமெல்லாம் குட்டை முடி முளைத்து நின்றது. உனக்கும் முளைக்கும். இப்படிக் கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுற்றித்தான் வளரும் என்பதால், பின்னல் பழைய கனத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். அந்தப் பொறுமை வேண்டும்.

காய்ச்சல் ஒன்றுதான் காரணம் என்றால் இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் உன் சாப்பாட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும், மத்தியானம் டப்பாவில் பாதி, ராத்திரி மறுபடி டீ. இடுப்பு இளைக்க வேண்டும் என்று சோற்றையும் நிறுத்தினாய். காய்ச்சலில் இழந்ததை உடம்பு எதை வைத்துத் திருப்பிக் கட்டும்?

நான் கொழுந்து எடுத்தது எட்டு வருஷம், டிஸ்பென்சரியில் ஆயாவாக நின்றது இருபத்திரண்டு வருஷம். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் இரும்புச்சத்து மாத்திரையை நம் பெண்கள் கையில் எண்ணிப் போட்டேன் என்று கணக்கே இல்லை. வாங்கினவர்கள் அங்கேயே வாசலில் நின்று, ஃபிளாஸ்க்கைத் திறந்து, சுடச்சுடக் கட்டன் சாயாவில் மாத்திரையை விழுங்கிவிட்டு மலைக்கு ஏறுவார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு லேடி டாக்டர் அதைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொன்னபோதுதான் தெரிந்தது. மாதாமாதம் மாத்திரை வாங்கியும் முகம் வெளுத்து, நகம் குழிந்து, முடி கொட்டிப்போய் வந்த பெண்களின் முகமெல்லாம் அன்று ராத்திரி என் கண்முன் வந்து நின்றது. நமக்குச் சோறு போடுவது இந்த இலைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் குடிக்காதே என்றுதான் சொல்கிறேன். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடு. கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு என்று சாப்பிடும்போது கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். முட்டை தினம் ஒன்று. மீன் வாரம் இரண்டு நாளாவது. முடி என்பதே புரதம்தான். தட்டில் புரதம் இல்லாமல் தலையில் எங்கிருந்து வரும்?

நீ மட்டும் இல்லை பாப்பா. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேர், கேரளத்தில் 36 பேர். பாதிப் பெண்களுக்கு மேல் இப்படி நடமாடுவதால்தான் களைப்பும் முடி உதிர்வும் பெண் ஜென்மத்தின் வழக்கம் என்று நாமே நினைத்துவிட்டோம்.

அதனால் எண்ணெய்க் கடைக்குப் போகும் முன் ரத்தம் கொடு. கோவை அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டு எடுத்துப் போய் நில். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. அது சரியாக இருந்தும் உள்ளே இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது, தாடையில் ரோமம், முகப்பரு இதெல்லாம் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல். சினைப்பை நீர்க்கட்டியிலும் உச்சி முடி மெலியும். அதற்கு வைத்தியமே வேறு.

இன்னொன்று. தோழி கொடுத்த முடி வளரும் மிட்டாய் சாப்பிடுவதாகச் சொன்னாய். அந்தச் சீட்டைப் படித்துப் பார், பயோட்டின் என்று இருக்கும். பயோட்டின் குறைபாடு நம்மில் மிக அபூர்வம், குறைவு இல்லாதவருக்கு அது முடி வளர்த்ததாக உறுதியான சான்றும் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தச் சத்து ரத்தத்தில் இருந்தால் தைராய்டு பரிசோதனை தப்பாகக் காட்டலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2017இல் இதை எச்சரித்திருக்கிறது. டாக்டரிடம் சொல்லி, ரத்தம் கொடுக்கச் சில நாள் முன்பே நிறுத்து. சத்து என்று பெயர் இருந்தால் அதிகமானாலும் நல்லது என்று எண்ணாதே. வைட்டமின் ஏ மிஞ்சினாலும் முடி கொட்டும், செலீனியம் மிஞ்சினாலும் கொட்டும். 2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டத்து ஷேகாவ் பக்கம் கிராமம் கிராமமாக ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சில நாளிலேயே மொட்டையானார்கள். முதலில் தண்ணீர் என்றார்கள், ஷாம்பு என்றார்கள். தேள்கடி வைத்தியத்தில் பேர்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் தன் செலவில் சோதித்து, அவர்கள் சாப்பிட்ட ரேஷன் கோதுமையில் செலீனியம் மிக அதிகம் என்று சொன்னார். தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தக் காரணம் கிடைத்திருக்குமா? தட்டைப் பார்த்ததால் கிடைத்தது.

எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. உன் தலைக்குத் தேய்த்துவிட்ட கை இது. தேங்காயெண்ணெய் முடி வறண்டு முறியாமல் காக்கும், அதற்காகத் தேய். ஆனால் நின்றுபோன குழியிலிருந்து முடியைக் கிளப்பும் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதே. போனில் வரும் ஆயிரம் ரூபாய் மூலிகை எண்ணெய்க்கும் இதே பேச்சுதான். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் முறிக்கலாம். முறிந்த முடிக்கு அந்த வெள்ளை முனை இருக்காது. இனி சீப்பில் வருவதை எடுத்துப் பார்த்தால் உனக்கே வித்தியாசம் தெரியும்.

உன் போட்டோவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆபீஸுக்குப் போகும்போது முடியை உச்சிக்குத் தூக்கி, நெற்றித்தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிக் கட்டுகிறாய். என் அம்மாவின், உன் பாட்டியின் தலை உனக்கு ஞாபகம் இருக்காது. முப்பது வருஷம் கொழுந்துச் சாக்கின் கயிறு அவள் தலைமேல் கிடந்தது. துணியைச் சும்மாடாக மடித்து வைத்துத்தான் மாட்டுவாள், இருந்தாலும் பச்சைக் கொழுந்தின் கனம் முழுக்க அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் தொங்கும். சாயந்திரம் எடை போட்டுவிட்டு வந்து சாக்கைக் கழற்றினால் கயிற்றின் தடம் சிவந்து கிடக்கும். கடைசிக் காலத்தில் அவளுக்கு நான் தலை வாருவேன். முன்னந்தலையில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை மாதிரி, வழவழவென்று, ஒரு ரோமம் இல்லாமல் இருக்கும். சீப்பு அந்த இடத்துக்கு வந்ததும் நான் கையை மெதுவாக்கிக்கொள்வேன். வருஷக்கணக்கில் இழுத்தால் குழியே செத்துவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் முளைக்காது. அவளுக்கு வயிற்றுப்பாடு, வேறு வழி இல்லை. உனக்கு என்ன கட்டாயம்? தளரப் பின்னு, ராத்திரி அவிழ்த்துவிடு.

தம்பியைப் பற்றியும் கேட்டிருந்தாய். அவன் விஷயம் வேறு. இருபத்து மூன்று வயதில் நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறுகிறது, உச்சி மெலிகிறது. அது பரம்பரை, அப்பா வழியிலும் வரும் அம்மா வழியிலும் வரும். ஆண் ஹார்மோனின் ஒரு வடிவத்துக்கு அந்தக் குழிகள் பலவீனப்பட்டுச் சுருங்குகின்றன. காத்திருந்தால் தானாகத் திரும்பாது, அதனால் சீக்கிரம் டாக்டரைப் பார்க்கச் சொல். மினாக்ஸிடில் என்று தலையில் தடவும் மருந்து இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை அது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் ரோமம் வளர்ந்ததைப் பார்த்து, 1988இல் தலைக்குத் தடவும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதித்தார்கள். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம், அதைப் பார்த்து மருந்தை விட்டுவிடக்கூடாது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம், நிறுத்தினால் பலனும் போய்விடும். ஃபினாஸ்டெரைடு மாத்திரை ஆண்களுக்கு. சிலருக்குத் தாம்பத்திய விஷயத்தில் கோளாறு வரும் என்பதால் டாக்டர் எழுதாமல் தொடக்கூடாது. கர்ப்பமான பெண் அந்த மாத்திரையின் தூளைக் கையால்கூடத் தொடக்கூடாது. மினாக்ஸிடில் பெண்களுக்கும் உண்டு, ஆனால் பிள்ளை உண்டானவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் ஆகாது. இப்போதைக்கு உனக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

முடி நடுவதற்குக் கடன் வாங்குகிறேன் என்கிறானாம். வேண்டாம் என்று சொல். பின்னந்தலையில் இருப்பதை எடுத்து முன்னால் நடுகிறார்கள், புதிதாக ஒன்றும் வருவதில்லை. உதிர்வது நிற்காத வயதில் நட்டால் நட்டது தீவு மாதிரி நிற்க, சுற்றியுள்ளது போய்விடும். 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவன், டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, முடி நடப் போய் உயிரையே விட்டான். முறையான அறுவைப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லியிருக்கிறது. பியூட்டி பார்லர் மாடியில் படுக்கிற காரியம் இல்லை இது.

புழுவெட்டு என்று காசு அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழுந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் காவல் சக்தியே தவறிப்போய் முடிக்குழியைத் தாக்குகிறது. என் மகனுக்குப் பள்ளிக்கூட வயதில் வந்தபோது யாரோ சொன்னார்கள் என்று பூண்டை நசுக்கித் தேய்த்தேன், தோல் வெந்து கொப்பளித்துப் பிள்ளை துடித்துவிட்டான். அந்தப் பாவம் இன்னும் என்னை விடவில்லை. புழுவெட்டுக்கு அந்த இடத்திலேயே போடும் ஊசி இருக்கிறது, களிம்பு இருக்கிறது. பலருக்குத் தானாகவும் முளைத்துவிடும்.

நாளைக் காலை சன்னல் வெளிச்சத்தில் நின்று நேர்வகிடு எடுத்து, தோழியை விட்டு உச்சியை ஒரு போட்டோ பிடித்து வை. தினமும் உதிர்ந்ததை எண்ணாதே, அது உன்னைப் பைத்தியமாக்கும். தை மாதம் அதே சன்னலில், அதே வகிட்டில் இன்னொன்று எடு. வகிடு இப்போதைவிட அகன்றிருந்தால் வேறு காரணம் இருக்கிறது, மறுபடி டாக்டரிடம் போகலாம், நானும் கூட வருகிறேன். தீபாவளிக்கு வரும்போது ரத்த ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டு வா. சால்வையும் எடுத்துக்கொள், இங்கே அணைக்கட்டுப் பக்கம் இப்போதே விடியக்காலை விரல் விறைக்கிறது. முருங்கைக்கீரை மலையில் கிடைக்காது, உன் பெரியப்பாவைக் கீழேயிருந்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா